வத்தலக்குண்டு

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரச் சமவெளியில் உள்ள பேரூராட்சி. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், குமுளி நெடுஞ்சாலையில் அமைந்தது. கொடைக்கானல் போகிறவர்களில் பெரும்பாலோர் இவ்வூரைக் கடந்துதான் மலையேறுகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலர். சுற்றுலாவின் கண்ணில் படாமல் போன, படத் தகுதியுள்ள தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முன்வரிசையில் வைக்கத்தக்கது.

கொடைக்கானலுக்கு முற்காலத்தில் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லாஸ் மலைப்பாதை வந்ததும் போக்குவரத்து இந்தப் பக்கம் திரும்பியது. ரயிலில் வருவோர் கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு பிரிவில் மலைப்பாதையைப் பிடிப்பார்கள். சாலையால் ஊருக்குக் கடைகள் பெருகின, பெயர் பெருகவில்லை.

பெயர் வந்தது எழுத்தால். இவ்வளவு சிறிய ஊரிலிருந்து இத்தனை பேர் எப்படி என்ற வியப்பு இலக்கிய வாசகர்களுக்கு இன்றும் உண்டு. பி. ஆர். ராஜமையர் (1872–1898) இங்கே பிறந்தவர். தமிழின் தொடக்ககால நாவல்களில் கலை நயத்தால் முதலில் நிற்கும் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதியபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. 1896இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. 26 வயதில் மறைந்தார். ‘மணிக்கொடி’யைச் சிறுகதை ஏடாக்கி நடத்திய பி. எஸ். ராமையா 1905இல் இங்கு பிறந்தார். அந்த ஏட்டின் கதையைச் சொல்லும் ‘மணிக்கொடி காலம்’ அவருக்கு 1982ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைத் தந்தது. ‘வாடிவாசல்’ எழுதிய சி. சு. செல்லப்பா இங்கே வளர்ந்தவர். 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இல்லாமல் தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுத முடியாது. விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவாவும் (1884–1925) இவ்வூரில் பிறந்தவரே. 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் கைதானவர். சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். அவர் மறைந்த தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அவருடைய ஊராக அறியப்படும் அளவுக்கு வத்தலக்குண்டு அறியப்படவில்லை.

சுற்றுவட்டாரமும் வளமானது. நிலக்கோட்டைப் பூச்சந்தை, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் முக்கியச் சந்தைகளுள் ஒன்று. பட்டிவீரன்பட்டியில் கீழ்ப்பழனி மலைக் காப்பிக்கொட்டை பதப்படுத்தப்படுகிறது. சென்னைப் பாண்டி பஜாரின் பெயருக்கு உரிய டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் அவ்வூர்க்காரர் என்பது, பஜாரில் துணி எடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. மலைப்பாதையில் சற்று ஏறினால், ஏறத்தாழ 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவி தெரியும்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. மலை நிரம்பினால் கூட்டம் அடிவாரத்தைத்தான் தேட வேண்டும். எழுத்தை வைத்தே அதை ஈர்க்க முன்மாதிரியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பாஞ்சகனி–மகாபலேஸ்வர் சாலையில் ஸ்ட்ராபெரிக்கு மட்டும் பேர்பெற்றிருந்த பிலார், 2017இல் அரசு, வீடுகளிலும் கோயிலிலும் பள்ளியிலுமாக 25 இடங்களில் நூல்களை வைத்ததும் ‘புத்தகக் கிராம’மாக நாடறிய நின்றது. அங்கே புத்தகங்கள் வெளியிலிருந்து வந்தன. இங்கோ எழுதியவர்களே ஊர்க்காரர்கள். அடிவாரத்து வெயில் பிலாரில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை பகலில் ஊர் சுற்றுவது கடினம்.

ஊருக்கு ரயில் இல்லை. 2023இல் போடி வரை மீண்டும் ஓடத் தொடங்கிய மதுரை ரயில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியே போகிறது. திண்டுக்கல்–குமுளி ரயில் பாதை நெடுநாள் கோரிக்கை.