மலையேறிய மொரிஸ் மைனர்

மலையகத்து வாகன வரலாறுன்னு தேடினா துரைமாரின் கார்கள்தான் வருது. நாங்கள் சொல்வது, 1948இல் இங்கிலாந்தில் பிறந்து நம்ம ரோட்டில் ஹயர் ஓடிய மொரிஸ் மைனரை. லயத்திலிருந்து பிரசவத்துக்கு ஆள் ஏற்றிய இரவில் அது நின்றுபோனால்?

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிபார்த்த காபரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிப் பெற்றோல் கொடுக்கும். பிளக் கரி பிடிக்கும். ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே திருகணும். பனிமூட்டத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோர்த்தால் பொறி பிளக்குக்குப் போய்ச் சேராது. காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பழைய பொயின்டையே உரசி, 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்து ஓட்டணும். 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்தன. அந்தக் கராஜ் பாஸ்மார் யார்? உங்க தாத்தாகிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க.