பெரும்புதூர் அண்ணனும் வில்லிபுத்தூர்த் தங்கையும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்தவர் இராமானுசர். அவருக்கு ஒரு தங்கை உண்டு என்கிறது வைணவ மரபு. அந்தத் தங்கையோ அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே வாழ்ந்து முடித்தவள். வகுப்பில் இதைச் சொன்ன போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர், "சார், கணக்கு இடிக்குதே" என்பீர்கள். இடிக்கத்தான் செய்யும். அந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்பதுதான் இன்றைய பாடம்.

அதற்கு முன் உங்கள் காலத்துப் பாட்டுக்கு வருகிறேன். இந்தக் கிழவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைக்காதீர்கள். பேத்தி புண்ணியத்தில் கேட்டிருக்கிறேன். 2011 ஜனவரியில் அடேல் என்ற இங்கிலாந்துப் பெண் '21' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். 21 என்பது அந்தப் பாட்டுகளை எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருந்த வயது. காதல் முறிந்த வேதனைதான் அதில் முக்கால்வாசி. மறு ஆண்டு கிராமி விழாவில் ஒரே இரவில் 6 விருது. 2012இல் டெய்லர் ஸ்விஃப்ட் 'ரெட்' என்ற ஆல்பத்தில் அதையே வேறு விதமாகச் செய்தார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் கனடாவில் பிறந்த ஜோனி மிட்செல். 1971இல் வந்த அவருடைய 'ப்ளூ', தன் மனத்தை மூடி மறைக்காமல் பாடிய ஆல்பம் என்று இன்றும் பேசப்படுகிறது. இந்த மாதிரிப் பாட்டு வந்தவுடன் கேட்பவர்கள் முதலில் செய்வது என்ன? யார் அந்தப் பையன் என்று துப்பறிவது! ஸ்விஃப்டின் ரசிகர்கள் அதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நம்மிடம் காதல் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சங்க இலக்கியத்தில் முக்கால் பங்குக்கு மேல் அகப்பாட்டுதான். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அகப்பாட்டில் காதலிப்பவர் பெயர் வரக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, இவ்வளவுதான். யாருடைய கதையும் ஊர்வாய்க்குப் போகாதபடி போட்ட திரை அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் கதையைத் தன் கதையாகவே சொல்ல நினைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

அப்படிச் சொன்ன ஒருத்தி உண்டு. உறையூர் வணிகர் மகள் நக்கண்ணையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மேல் தனக்கிருந்த ஒருதலைக் காதலைப் பாடினார். தாய்க்கு அஞ்சுகிறேன், ஊர் அவைக்கு நாணுகிறேன், நடுவில் கிடந்து தவிக்கிறேன் என்பது ஒரு பாட்டின் சாரம். காதல் பாட்டுதானே, அகநானூற்றில் அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. போரையும் கொடையையும் பாடும் புறநானூற்றில், 83 முதல் 85 வரை மூன்று பாட்டாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மனிதன் மேல் ஒரு பெண் வைத்த காதல் என்று தெரிந்துவிட்டதால், தொகுத்தவர்கள் அதை அகத்தில் சேர்க்கவில்லை.

அந்தத் திரையை முழுசாக விலக்கியவள்தான் நாம் தேடும் தங்கை. திருவில்லிபுத்தூர்க் கோதை. ஆண்டாள் என்றால் எல்லோருக்கும் தெரியும். காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு. திருப்பாவை 30 பாட்டும் மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் நம் காதில் விழுகிறது. அவளுடைய இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியை எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்? 14 பதிகம், மொத்தம் 143 பாட்டு. இன்றைய மொழியில் சொன்னால் 14 பாட்டு கொண்ட ஓர் ஆல்பம்.

அதன் போக்கைப் பாருங்கள். முதலில் தை மாதத்தில் தரையில் கோலமிட்டுக் காமதேவனை வேண்டுகிறாள். மனிதர் யாருக்கேனும் தன்னை மணம் பேசினால் உயிர் வாழமாட்டேன் என்று அங்கேயே அறிவித்துவிடுகிறாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வட்டம் வரைந்து, அவன் வருவானா மாட்டானா என்று குறி பார்க்கிறாள். பூவின் இதழைப் பிய்த்துப் பிய்த்துப் பார்ப்பீர்களே, அதே பைத்தியம்தான். குயிலிடம் கெஞ்சுகிறாள். ஆறாவது பதிகத்தில் கல்யாணக் கனவு. ஏழாவதில் அவன் கைச் சங்கைப் பார்த்து, அவன் வாயின் சுவை எப்படி என்று கேட்கிறாள். எட்டாவதில் மேகத்தைத் தூது அனுப்புகிறாள். போகப்போக வளை கழல்கிறது, உடம்பு இளைக்கிறது, பூத்த பூவெல்லாம் எதிரியாகத் தெரிகிறது. வீட்டாரைப் பார்த்து, என்னை அவன் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள். பதின்மூன்றாவதில் கோபம் எல்லை கடக்கிறது. பயனில்லாத இந்த மார்பைப் பறித்து அவன் மார்பில் எறிந்து என் தீயைத் தணித்துக்கொள்வேன் என்கிறாள்.

ஆறாவது பதிகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுக் கல்யாணங்களில் பாடுகிறோமே வாரணமாயிரம், அதுதான் அது. பந்தல், தோரணம், மத்தளம், தீவலம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அத்தனையும் கனவு. அவளே தோழியிடம் பாட்டுக்குப் பாட்டு அதைச் சொல்கிறாள். அந்தக் கனவு நூலின் முடிவில்கூட இல்லை, நடுவில் இருக்கிறது. விழித்த பிறகு இன்னும் எட்டுப் பதிகம் வேதனைப்படுகிறாள். கடைசிப் பதிகமும் கல்யாணத்தில் முடியவில்லை. அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது. பிருந்தாவனத்தில் கண்டோம் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். திருவரங்கத்தில் பெருமாளோடு கலந்தாள் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. அவள் பாட்டு அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பெரும்பாலான பதிகங்களை முடிக்கும்போது முத்திரை வைக்கிறாள். இன்ன ஊர், இன்னார் மகள், கோதை நான் பாடியது என்று தன் ஊரையும் தன் தகப்பனார் பெரியாழ்வாரையும் சொல்லிப் பாடுகிறாள். ஆழ்வார்கள் பலரும் வைக்கும் முத்திரைதான். ஆனால் ஓர் இளம்பெண், தன் ஆசையையும் ஆத்திரத்தையும் சொல்லிவிட்டு அடியில் அப்பா பெயரைப் போடுவது என்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்த அப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. சாமிக்குக் கட்டிய மாலையை மகள் சூடிப் பார்த்ததைக் கண்டு முதலில் கண்டித்தார். பிறகு அவள் சூடியதுதான் வேண்டும் என்று உணர்ந்து அதையே கொண்டுபோனார் என்பது கதை.

இனி நம் ஊர்க்காரருக்கு வருவோம்.

ஒன்பதாம் பதிகத்தில் கோதை, மதுரைக்கு அருகே உள்ள திருமாலிருஞ்சோலை அழகரிடம் ஒரு நேர்த்திக்கடன் சொல்கிறாள். நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில் தருகிறேன் என்று. (தடா என்றவுடன் சட்டம் ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது பெரிய பானை. அக்காரவடிசில் என்பது அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும் சேர்ந்தது.) வாயால் சொன்னாளே தவிர, கொடுத்ததாகப் பாட்டில் இல்லை. ஏங்கிக் கிடக்கும் பெண் நூறு பானைக்கு எங்கே போவாள்?

பாட்டு அப்படியே நின்றது. படித்தவர்கள் படித்தார்கள், உருகியவர்கள் உருகினார்கள். இராமானுசர் படித்தபோது மட்டும் அது ஒரு பாக்கியாகக் கண்ணில் பட்டது. இந்தப் பெண் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாளே, அது தீர்ந்ததா என்று யோசித்தார். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இதுதான்: அவர் திருமாலிருஞ்சோலைக்குப் போய் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைத்தார். அங்கிருந்து திருவில்லிபுத்தூர் போனார். சன்னிதியில் நின்றபோது ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாளாம். அன்று முதல் அவருக்குக் 'கோயில் அண்ணன்' என்று ஒரு பெயர். ஆண்டாளின் புகழைச் சொல்லிக் கோயிலில் பாடும் வாழித் திருநாமமும் அவளைப் பெரும்புதூர் முனிவருக்கு இளையவள் என்றே சொல்கிறது.

கணக்கு இப்போது சரியாகிறதா? வயதில் அவள் மூத்தவள். ஆனால் அண்ணன் என்பது வயதால் வந்த உறவு அல்ல. தங்கை சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால் வந்தது.

இராமானுசர் பெரிய தர்க்கவாதி. பிரம்மசூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதியவர். அந்தப் பாட்டுக்குத் தத்துவ விளக்கம் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? அதெல்லாம் இருக்கட்டும் என்று, அவள் கேட்டதை முதலில் செய்தார். அவருக்கு முன்பே நாதமுனிகள் ஆழ்வார் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது கோதையின் 143 பாட்டும் நாலாயிரத்தில் இடம்பெற்றன. அவருக்குப் பின் 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை அவற்றுக்கு உரை எழுதினார். மார்பைப் பறித்து எறிவேன் என்ற பாட்டையும் அவர் ஒதுக்கவில்லை. பெண்பிள்ளை இப்படியெல்லாம் எழுதலாமா என்று அந்தப் பெரியவர்களில் ஒருவராவது நினைத்திருந்தால், இன்று நமக்கு வாரணமாயிரம் கிடைத்திருக்காது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்ததிலிருந்து நம் பகுதி எப்படி மாறியது என்பதை நீங்கள் என்னோடு சேர்ந்தே பார்த்தவர்கள். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று எங்கும் ஆலைகள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த தங்கும் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் பெண்கள். 20, 22 வயதுப் பிள்ளைகள். கோதையின் வயதை ஒட்டியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கும் பிள்ளை என்ன கேட்கிறாள் என்று நமக்குத் தெரியாது.

அவர்களில் ஒருத்தி என் மாணவி. அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நிச்சயம் வரை போன சம்பந்தம் நின்றுவிட்டது. அவள் தன் மனத்தை ஒரு நோட்டில் பாட்டுப் பாட்டாக எழுதிவந்தாள். வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "யாராவது பார்த்தால் மானம் போகும், கிழித்துப் போடு" என்றிருக்கிறார்கள். கிழிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். படித்தேன். அழுகையும் கோபமும் இருந்தன. எட்டாம் பக்கத்திலோ ஒன்பதாம் பக்கத்திலோ இரண்டே வரி: பாதியில் விட்ட டிகிரியை முடித்திருந்தால் இப்படிப் பயந்து நிற்கமாட்டேன் என்று. வீட்டில் எல்லோரும் அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு வரி யார் கண்ணிலும் படவில்லை. தொலைநிலைக் கல்வியில் சேர விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தோம். முதல் வருடக் கட்டணத்தை அவளோடு படித்த மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மூவரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம்.

உறவுகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பிள்ளை எழுதினாலும், பாடினாலும், சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்தாலும், "யார் அவன்?" என்ற கேள்வியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அந்தப் பாட்டுக்குள் அவள் எதையாவது கேட்டிருக்கிறாளா என்று பாருங்கள். நம்மால் முடிகிற ஒன்று அதில் நிச்சயம் இருக்கும். ஒரு நாள் விடுப்பு போட்டு ஊருக்கு வரச் சொல்வதாக இருக்கலாம். கொடுத்த நகையைத் திரும்ப வாங்கித் தருவதாக இருக்கலாம். எழுதிய நோட்டைப் பீரோவில் பத்திரமாக வைக்க விடுவதாகவும் இருக்கலாம்.

சித்திரைத் திருவாதிரைக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கும் வாருங்கள். நாச்சியார் திருமொழி உரையோடு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். முதலில் கேட்பவர்களுக்கு முதலில். படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், ஆமாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்