முளைப்பாரிச் சட்டியும் கூப்பிடாத முளையும்

சென்னையில மாடித்தோட்டம் போட்டிருக்கிற என் தங்கச்சி போன் பண்ணுச்சு. "அண்ணே, வீட்டுக்குள்ள தக்காளி விதை போட்டேன். நூல் மாதிரி வெளுத்து, நீண்டு சாயுது. நடுவுல நான் போடாத ஏதோ ஒண்ணு வேற மொளைச்சிருக்கு. புடுங்கிறவா?"

எனக்கு அப்பத்தாவோட முளைப்பாரிச் சட்டி ஞாபகம் வந்துச்சு.

வீட்டுக்குள்ள விதையை முளைக்க வைக்கிறது நமக்குப் புதுசு இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் திருமணத்திலேயே பெண்கள் முளைப்பாலிகை ஏந்தி வருகிறார்கள். எங்க சிவகங்கைப் பக்கம் அது அம்மன் கோயில் முளைப்பாரி. ஆடியில காப்புக் கட்டினதும் சட்டியில வைக்கோலும் காஞ்ச எருத்தூளும் போட்டு, நெல்லு, தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சைன்னு விதைச்சு, இருட்டு அறையில வைப்பாங்க. வெளிச்சம் இல்லாததால பச்சையம் பிடிக்காது. முளை வெளுத்து மஞ்சளா, ஒசரமா வளரும். ராத்திரி கும்மி, கடைசி நாள் ஊர்வலம், அப்புறம் கண்மாய்த் தண்ணியில கரைப்பு.

சாமி காரியந்தான். ஆனா எங்க வீட்டுல விதைச் சோதனையும் அதுதான். ஒரு வருஷம் எங்க தட்டாம்பயறு பாதிதான் மொளைச்சுச்சு. அப்பத்தா முகம் வாடிப்போச்சு. குதிர்ல இருந்த விதை மொத்தமும் அதேதானே! மறுநாளே பக்கத்து ஊருக்கு நடந்து, நெல்லைக் கொடுத்து வேற விதைப்பயறு மாத்திட்டு வந்துச்சு. புரட்டாசி மழைக்கு எங்க புஞ்சை சும்மா கிடக்கல.

1966-ல பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஐ.ஆர்.8 வந்துச்சு. அதே வருஷம் இந்தியாவில் விதைச் சட்டமும் வந்துச்சு. சான்று விதை மூட்டையில நீல அட்டை இருக்கும். நெல்லுன்னா முளைப்புத்திறன் குறைஞ்சது 80 சதவீதம் இருக்கணும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. புது ரகம் நிறைய வயித்த நெறச்சுச்சு. ஆனா முளையைப் பாத்து விதையை எடை போடுற வேலை வீட்டுப் பொம்பளைங்க கையில இருந்து அட்டைக்குப் போயிருச்சு. இப்ப முளைப்பாரிக்கே பலசரக்குக் கடையில பயறு வாங்குறோம். திருவிழா இருக்கு, சோதனை இல்லை.

கூப்பிடாத முளை அப்பவும் வரும். எருவுக்குள்ள பரங்கி, சுரை, தக்காளி விதை ஒளிஞ்சு கிடக்கும். அப்பத்தா அதைப் புடுங்கிப் போடாது. குச்சியால மண்ணோட நெம்பி, குப்பைக்குழி ஓரத்துல நட்டுவைக்கும். காய்ச்சா முதல் காயில ஒரு துணுக்கு கடிச்சுப் பாக்கும். கசந்தா துப்பிட்டு, கொடியை அறுத்துரும். இதை நீங்களும் மறக்காதீங்க. தானா முளைச்ச சுரை, பூசணியில கசப்பு இருந்தா அது நஞ்சு. சமைச்சாலும் போகாது.

இன்னொண்ணு, அன்னைக்குக் குப்பையில இருந்தது நாட்டு விதை. இன்னைக்கு உங்க சமையலறைக் கழிவுல கிடக்கிறது பெரும்பாலும் வீரிய ஒட்டுத் தக்காளி. அதோட விதை முளைக்கும், காய்க்கும். ஆனா தாயை மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது. ஆசைக்கு ஒரு செடி வளருங்க, அதை நம்பி விதை எடுக்காதீங்க.

தங்கச்சிகிட்ட சொன்னேன்: "வெளிச்சத்துக்குத் தூக்கு. இருட்டு சாமி முளைக்கு, நாத்துக்கு இல்ல. அந்தப் புது முளையோட முதல் ரெண்டு இலையை மட்டும் பாத்து என்னன்னு முடிவு பண்ணாத. அடுத்த இலை வரட்டும், கசக்கி மோந்து பாரு."

வந்தது பரங்கி. பெரிய தொட்டிக்கு மாத்திருச்சு.

நான் இந்த ஆடிக்குக் கடைப்பயறு வாங்கல. எங்க புஞ்சையில எடுத்த தட்டாம்பயறுல நூறை எண்ணி ஈரத்துணியில முடிஞ்சு வச்சேன். 87 மொளைச்சுச்சு. அந்தப் பயறுதான் சட்டிக்கும் போகுது, புஞ்சைக்கும் போகுது.