எஞ்சினைச் சீரமைப்பதா, மாற்றுவதா: இந்திய ஜீப்பின் வழியே ஒரு வரலாறு

பழைய சுமைவண்டி ஒன்றின் எஞ்சின் தேய்ந்துவிட்டால் உரிமையாளர் முன் இரண்டு வழிகள் உண்டு. அதே எஞ்சினை இறக்கிப் பிரித்துச் சீரமைக்கலாம். அல்லது வேறோர் எஞ்சினைப் பொருத்தலாம். பட்டறையில் எடுக்கப்படும் இம்முடிவு இயந்திரவியல் சார்ந்ததாக மட்டுமே தோன்றும். ஆனால், இந்தியாவில் ஜீப்பும் அதே எஞ்சினுடன் ஓடிய பிக்கப்பும் கடந்துவந்த பாதையைப் பார்த்தால், எரிபொருள் விலையும் அரசின் கொள்கையும் அம்முடிவில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது விளங்கும்.

1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரித்த சி.ஜே.3பி ஜீப்பிலும் எஃப்.சி.150 பிக்கப்பிலும் இருந்தது ‘ஹரிக்கேன்’ எனும் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதில் உள்ளிழு வால்வு சிலிண்டர் ஹெட்டிலும் வெளியேற்று வால்வு பிளாக்கிலும் அமைந்திருந்தன. ஆகவே வெளியேற்று வால்வின் இருக்கை பழுதானால் ஹெட்டைக் கழற்றி அனுப்பினால் போதாது. பிளாக்கிலேயே கை வைக்க வேண்டும்.

சீரமைப்பு அளவெடுப்பில் தொடங்கும். சிலிண்டரின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிட அதிகம் தேயும். அங்கே வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய் குறைவு. தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ரீபோர் செய்து சற்றே பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லையெனில் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்க்கைச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் இடலாம். விரிசல் காணாத வார்ப்பிரும்புப் பிளாக் இவ்வாறு பலமுறை உயிர்பெறும். புதிய வண்டிக்குக் காத்திருக்க வேண்டிய, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட உரிமக் காலத்தில், லேத் தொழிலாளியின் உழைப்பே எளிதில் கிடைத்த மூலப்பொருள். சீரமைப்பு அன்று இயல்பான விடையானது வியப்பன்று.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. இந்தியாவில் பெட்ரோல் வசதி படைத்தோரின் எரிபொருளாகக் கருதப்பட்டு அதிக வரியைச் சுமந்தது. டீசல் உழவுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் உரியதென்று விலை தாழ்த்தி வைக்கப்பட்டது. இதனால் கணக்கு தலைகீழானது. மிகச் சிறப்பாகச் சீரமைத்த பெட்ரோல் எஞ்சினும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நட்டம் தந்தது. மஹிந்திராவே முதலில் இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழிவந்த டீசல் எஞ்சினையும், பின்னர் பெஜோ நிறுவன உரிமத்தில் எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினையும் ஜீப்பில் பொருத்தியது. அப்பெயரில் 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை. 90 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் விட்டம்.

நிறுவனம் செய்ததைப் பட்டறைகள் பழைய வண்டிகளில் செய்தன. மாற்றம் எளிதன்று. டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வு மிக்கது. மவுண்டிங்குகளை வலுப்படுத்த வேண்டும். கியர்பாக்ஸோடு இணைக்க இடைத்தகடு வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் பெரிய பேட்டரி வேண்டும். குறைந்த சுழற்சியில் இயங்கும் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டியின் கியர் விகிதம் பொருந்தாததால் வேகமும் குறைந்தது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு எரிபொருள் சேமிப்பு இச்செலவை ஈடுகட்டியது. எப்போதாவது ஓடுவதற்கு ஈடுகட்டவில்லை.

பதிவுச் சான்று இரண்டு எண்களைத் தாங்குகிறது: சேசிஸ் எண், எஞ்சின் எண். சட்டத்தின் பார்வையில் வண்டியின் அடையாளம் சேசிஸைச் சார்ந்தது; எஞ்சின் மாறலாம், ஆனால் அம்மாற்றம் பதிவாக வேண்டும். சீரமைப்புக்கோ எந்தப் பதிவும் தேவையில்லை. உள்ளுறுப்புகள் அனைத்தும் புதிதானாலும் பிளாக்கில் பொறித்த எண் மாறாதவரை அது பழைய எஞ்சினே.

இவ்வேறுபாட்டின் விளைவு பின்னாளில் வெளிப்பட்டது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014இலும் நீக்கப்பட்டன. விலை இடைவெளி சுருங்கியது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. பெட்ரோல் வண்டிகளுக்கான வரம்பு 15 ஆண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் இதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. வழக்குகள் அதன்பின்னும் தொடர்ந்தன. ஒரு காலத்தில் பழைய வண்டியைக் காப்பாற்றிய டீசல், இன்னொரு காலத்தில் வண்டியின் ஆயுளைக் குறைக்கும் காரணமாயிற்று. நகரக் காற்றை நோக்கினால் அவ்விதிக்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் டீசலை நோக்கி உரிமையாளரைத் தள்ளியதும் அரசின் விலைக்கொள்கையே.

தொழில்நுட்ப வரலாறு பொதுவாக வண்டியை அதன் தயாரிப்பு ஆண்டால் அடையாளப்படுத்துகிறது. 1960களின் சேசிஸும் 1980களின் எஞ்சினும் கொண்ட வண்டிக்கு அவ்வழக்கம் போதாது. பட்டறைக் கணக்கேடுகளையும் பதிவுச் சான்றுகளின் திருத்தங்களையும் ஆவணங்களாகக் கொண்டு ஆராய்ந்தால், கொள்கை ஒவ்வொரு முறை மாறியபோதும் அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைக் கணக்கிட முடியும்.