அரிய வினைல் இசைத்தட்டுகள்

வினைல் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. மிகச் சில மட்டும் ஏலத்தில் வீடு வாங்கும் தொகையை எட்டுகின்றன. பாட்டின் தரமோ தட்டின் வயதோ இதற்குக் காரணமென்று சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் விற்ற தட்டு அரை நூற்றாண்டு கடந்தாலும் மலிவுதான். வெளியிட்டவர்களே திரும்பப் பெற்ற, அழிக்கச் சொன்ன தட்டுகள்தான் பெரும்பாலும் விலை ஏறியிருக்கின்றன.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய அரக்குத் தட்டு கை தவறினால் நொறுங்கிவிடும், வினைல் தாக்குப்பிடித்தது. எல்.பி.யோடு வந்த 12 அங்குல அட்டை உறையும் நாளடைவில் சேகரிக்கும் பொருளானது.

உறைக்காகவே விலை ஏறிய தட்டுகளில் பேர்பெற்றது பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' (1966). கசாப்புக்காரரின் வெள்ளை அங்கியில் நால்வரும் பச்சை இறைச்சியும் உடைந்த பொம்மைகளுமாக உட்கார்ந்திருக்கும் படத்தை ராபர்ட் விடேக்கர் எடுத்திருந்தார். முன்கூட்டிப் பிரதி பெற்ற வானொலிக்காரர்களும் கடைக்காரர்களும் முகம் சுளிக்கவே, கேப்பிட்டல் நிறுவனம் தட்டைத் திரும்பப் பெற்றது. அச்சடித்த உறைகள் வீணாகாமலிருக்கப் பலவற்றின் மேல், டிரங்குப் பெட்டியைச் சுற்றி நால்வரும் இருக்கும் சாதுவான படத்தை ஒட்டினார்கள். ஆனாலும் வலப்பக்க வெள்ளைப் பகுதியில், நால்வரில் ஒருவரான ரிங்கோவின் கறுப்புச் சட்டைக் கழுத்து முக்கோணமாக மங்கித் தெரிந்தது. அதைக் கண்டுகொண்டவர்கள் ஆவியில் காட்டி மேல்தாளை உரித்தார்கள். பல உறைகள் கிழிந்தே போயின. ஒட்டுப்படாமல் தப்பியது முதல் நிலை, ஒட்டியபடி இருப்பது இரண்டாம் நிலை, உரித்தது மூன்றாம் நிலை எனச் சேகரிப்பாளர்கள் தரம் பிரிக்கிறார்கள். திரும்பப் பெற்ற நிறுவனத்தின் தலைவர் ஆலன் லிவிங்ஸ்டன் வீட்டிலேயே சுமார் இரண்டு டஜன் பிரிக்காத பிரதிகள் இருந்தது வேடிக்கை. 1987இல் அவருடைய மகன் அவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2016இல் முதல் நிலை ஸ்டீரியோ பிரதி ஒன்று 1,25,000 டாலருக்கு ஏலம் போனது.

செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை 1977 மார்ச்சில் ஒப்பந்தம் செய்த ஏ அண்ட் எம் நிறுவனம் ஒரே வாரத்தில் கைகழுவி, அச்சடித்த 'காட் சேவ் த குயீன்' தட்டுகளை அழித்தது. தப்பியவை கொஞ்சமே. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய 'டூ ஐ லவ் யூ' தட்டும் கடைக்கு வராமலே முடங்கியது. வடக்கு இங்கிலாந்தின் நடன அரங்குகள் பின்னாளில் அந்தப் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடின. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. கேட்க ஆளில்லாமல் தட்டு அரிதாக இருந்து மட்டும் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று.

யாருடைய கையில் இருந்தது என்பதும் கணக்கில் வரும். பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு 'ஒயிட் ஆல்பம்' உறைகளில் வரிசை எண் அச்சிடப்பட்டிருந்தது. ரிங்கோ வைத்திருந்த 0000001 எண் பிரதி 2015இல் 7,90,000 டாலர் பெற்றது.

விலை ஏறியதும் போலிகள் முளைத்தன. எனவே தேர்ந்த சேகரிப்பாளர், லேபிளை ஒட்டிப் பாட்டு வரி இல்லாத வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்.