ஐந்நூறு டன்னுக்குக் கீழே

சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தன் பாதுகாப்பு யாருக்கெல்லாம் கிடையாது என்பதை ஏழாவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. வீட்டு வேலை செய்பவர்களோடு அந்தப் பட்டியலில் சேர்ந்தவர்கள், 500 டன்னுக்கும் குறைந்த கலங்களில் வேலை பார்க்கும் கடல் தொழிலாளர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் வளைகுடாவில் ஏறியவை அந்த வரம்புக்குள் அடங்கும் சிறு படகுகளும் லாஞ்சுகளும்தான். வேலை நேரம், விடுப்பு, பணி முடிவுத் தொகை என்று கரையில் நிற்கும் தொழிலாளி சட்டத்தைக் காட்டிக் கேட்கக்கூடியவை, இவர்களுக்கு முதலாளியின் மனம்போல.

போனவர்கள் தொழில் தெரியாத ஆட்கள் அல்லர். நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, சின்னத்துறை என மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும் தூத்தூர் வட்டார ஊர்கள், தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் நாடறிந்தவை. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்வது அங்கே பழகிப்போன வாழ்க்கை. 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் வளைகுடா நாடுகள் செல்வத்தில் மிதந்தன. அங்கே படகு இருந்தது, மீனுக்கு விலை இருந்தது. கடலில் இறங்க ஆள் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சில மணி நேரப் பயணம்.

அங்கே அவர்களைக் கட்டிப்போட்டது கஃபாலா முறை. விசா, இக்காமா என்னும் வசிப்பு அனுமதி, ஊர் திரும்பும் அனுமதி எல்லாம் கஃபீல் என்னும் பொறுப்பாளியின் கையில் இருந்தன. இந்த முறையைப் பழைய அரபு வழக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதன் நவீன வடிவம் 1920களின் இறுதியில், பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த பஹ்ரைனில் உருவானது என்கிறார் ஆய்வாளர் ஓமர் அல்ஷெஹாபி. வெளியூரிலிருந்து முத்துக்குளிக்க வந்தவர்களுக்குப் படகின் தலைவரான நகுதாவே பொறுப்பு என்று அப்போது ஆக்கினார்கள். படகில் பிறந்த முறை, அரை நூற்றாண்டு கழித்து நம் ஊர்ப் படகோட்டிகளின் தலையிலும் வந்து விழுந்தது.

ஒப்பந்தத் தாளில் மாதச் சம்பளம் எழுதியிருந்தாலும் கடலில் நடந்தது பெரும்பாலும் பங்குமுறை. பங்கு நம் கரைக்குப் புதிதல்ல. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். ஊரில் இது நியாயமாக நடக்க ஒரு காரணம் உண்டு: ஏலம் போகும் இடத்தில் மீனவரே நிற்கிறார், விலை அவர் காதில் விழுகிறது. அங்கே ஏலம் அரபியில். செலவுக் கணக்கு முதலாளியின் நோட்டில். சவூதியின் கீழைக் கடலில் இறால் பிடிக்க ஆகஸ்ட் முதல் ஜனவரி வரைதான் அனுமதி. தடைக்காலத்தில் பங்கை மட்டும் நம்பியவருக்கு வருமானம் ஏது?

கடல் எல்லையும் ஒரு பொறி. ஈரான், கத்தார், பஹ்ரைன், சவூதி ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் குறுகிய நீர்ப்பரப்பில் நெருங்கிக் கிடக்கின்றன. மீனைத் துரத்தி எல்லை தாண்டினால் பிடிபடுவது படகில் இருக்கும் மீனவர். முதலாளி கரையில் இருப்பார்.

இந்தியாவும் காலத்தோடு விழித்துக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிலாளர்களை மனதில் வைத்து எழுதிய 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தை வைத்துக்கொண்டே வளைகுடா அலையின் முதல் பத்தாண்டு கழிந்தது. புதிய சட்டம் 1983இல்தான் வந்தது. அதன்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசு அவர்களுடைய ஒப்பந்தத்தைச் சரிபார்த்து அனுமதி தர வேண்டும். அவர்களுக்குக் காப்பீடும் கட்டாயம். அந்த 18 நாடுகளில் சவூதி உண்டு, பஹ்ரைன் உண்டு. குமரி மீனவர்கள் திரளாகப் போகும் ஈரான் இல்லை.

அதன் விலை 2020இல் தெரிந்தது. கொரோனா பரவியதும் ஈரானின் கீஷ் தீவிலும் சீருயே போன்ற துறைமுகங்களிலும் நம் மீனவர்கள் மாதக்கணக்கில் படகுகளுக்குள்ளேயே முடங்கினர். கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா 687 பேரை பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அவர்களில் குமரி மாவட்டத்தார் ஏராளம். 2025 ஜூனில் ஈரான்மீது குண்டுகள் விழுந்தபோது, இதே கரையின் குடும்பங்கள் மறுபடியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு அலைந்தன.

வழி இல்லாமல் இல்லை. சரக்குக் கப்பல் மாலுமிகளைக் காக்கும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. ஆனால் அது மீன்பிடிப் படகுகளைத் தொடாது. மீனவர்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் நிறைவேற்றிய 188ஆம் உடன்படிக்கை 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவ ஒப்பந்தம், ஓய்வு நேரம், நோய்க்கால உதவி, ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் உண்டு. தாய்லாந்து அதை 2019இல் ஏற்றது. இந்தியா அதை ஏற்க வேண்டும். ஈரானையும் அந்த 18 நாடுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். குமரி மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், இந்த இரண்டையும் விடாமல் கேட்க வேண்டும்.