லாரிப் புகைக்குழாய்: ஒட்டிய காலமும் மாற்றும் காலமும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் பாடி கட்டும் பட்டறைகளையும் போர்வெல் வண்டிகளையும் டேங்கர்களையும் மறக்காமல் சொல்வார்கள். புகைக்குழாயில் விழுந்த ஓட்டையை அடைத்தவர்கள் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. இப்போது அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அது ஒரு குறையாகத்தான் வருகிறது: பழைய ஆட்கள் எதையும் ஒட்டி ஓட்ட வைப்பார்கள், இன்றைக்கு இருப்பவர்களுக்குக் கழற்றி மாற்ற மட்டுமே தெரியும் என்கிறார்கள். இது சரியான கணிப்பு அல்ல என்பது என் கருத்து. ஒட்டுவதா மாற்றுவதா என்பதை முடிவு செய்தது, அந்தந்தக் காலத்தில் அந்தக் குழாய்க்கு என்ன வேலை இருந்தது என்பதுதான். மெக்கானிக்கின் கைத்திறன் கூடியதோ குறைந்ததோ அதற்குக் காரணம் அல்ல.

1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் நிறுவனத்தின் காமெட் லாரிகளும், 1954இல் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாட்டா தொடங்கிய லாரிகளும் டர்போ இல்லாத எஞ்சினோடுதான் வந்தன. அவற்றில் புகைக்குழாய்க்கு இரண்டே வேலைகள்: புகையை ஓட்டுநருக்கு எட்டாமல் வெளியே தள்ளுவது, சத்தத்தைக் குறைப்பது. குழாயில் பொத்தல் விழுந்தால் சத்தம் கூடும், புகை வாடை வரும். ஆனால் வண்டியின் இழுவை பெரிதாகக் குறையாது. பொத்தலும் அடிக்கடி விழும். 1990களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. அது எரிந்து, சைலன்சருக்குள் குளிர்ந்து தேங்கும் ஈரத்தோடு கலந்து அமிலமாகி, சாதா இரும்புத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். சத்தம் மட்டுமே பிரச்சினையாக இருக்கும் குழாய்க்கு, அதுவும் மறுபடி அரிக்கப்போகும் குழாய்க்கு, தகடு வெட்டி வைத்துக் கேஸ் வெல்டிங்கில் பற்று வைப்பதைவிடப் பொருத்தமான வேலை வேறு இல்லை. அதை வறுமையின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் அதிலிருந்த கணக்கைப் பார்க்கவில்லை.

கணக்கை மாற்றியது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனைச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கப்பல்களிலும் பெரிய எஞ்சின்களிலும் ஊன்றிய பிறகே அது லாரிக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் 1938இல் டர்போ பொருத்திய லாரி எஞ்சினை உருவாக்கியது. 1954இல் வால்வோ தன் டைட்டன் லாரிக்கு டர்போ வைத்தபோது 150 குதிரைத் திறன் 185 ஆனது. நம் நாட்டில் இது பரவலாக இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1993இல் டாட்டாவும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்ததும், 2000இல் ‘இந்தியா 2000’ மாசு விதிகள் வந்ததும்தான் டர்போவைக் கனரக லாரியின் வழக்கமான உறுப்பாக்கின. அதோடு குழாயின் இயல்பே மாறிவிட்டது. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட பகுதி அதுவரை கழிவு போகும் வழியாக இருந்தது. இப்போது வாய்க்காலைப் போல ஒரு வேலைக்கான விசையைச் சுமந்து செல்லும் வழியாகிவிட்டது. அங்கே உடைப்பு எடுத்தால் கடைமடைக்கு நீர் எட்டாது. டர்போ போதிய வேகம் பிடிக்காமல், காற்று குறைந்து, எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது, மைலேஜ் இறங்கும். அதே ஓட்டை டர்போவுக்குப் பின்னால் இருந்தால் சத்தத்தோடு போய்விடும். ஒரே குழாயில் இரண்டு அடி தள்ளி விழுந்த இரண்டு பொத்தல்களுக்கு இரண்டு வேறு வைத்தியங்கள் தேவைப்பட்டது அப்போதுதான்.

இந்தக் காலம்தான் புகைக்குழாய் வேலையின் உச்சகாலம் என்பேன். முழு லோடில் டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாய்க்குள் விடும் மேனிபோல்டு வார்ப்பிரும்பு, சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கும். இந்த நீட்சி இரு கோடிகளில்தான் அதிகம் என்பதால் அதை எஞ்சினோடு பிணைக்கும் ஸ்டட்டுகளில் கோடியில் இருப்பவை முதலில் முறியும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் மேனிபோல்டைத் துண்டுகளாகச் செய்து ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பதும் இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்கும் சத்தம் எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும், ஏனென்றால் உலோகம் விரிந்து இடைவெளியை மூடிவிடுகிறது. ஆகவே கசிவைத் தேடுபவர் குளிர்ந்த வண்டியைத்தான் கேட்க வேண்டும். கேஸ்கெட் விளிம்பில் படிந்த கரிக்கோடு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெறும் கேஸ்கெட்டை மாற்றினால் போதாது. மேனிபோல்டின் வளைந்துபோன முகத்தை மெஷினில் சமப்படுத்தாவிட்டால் புதியதும் சீக்கிரமே ஊதும். வார்ப்பிரும்பு வெடித்திருந்தால் முன்சூடேற்றி, நிக்கல் ராடால் பற்றவைத்து, மணலிலோ சாம்பலிலோ மூடி மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பற்றுக்கு அருகிலேயே மறுபடி விரியும். இவ்வளவையும் செய்தவர்களுக்கு எப்போது ஒட்டக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. புகையின் வழியை ஒரு வால்வால் அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அந்த வால்வுக்கு முன்னால் கசிவு இருந்தால், மலை இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். அங்கே அரைகுறை ஒட்டு உயிருக்கு ஆபத்து.

பழைய ஒட்டு வேலையைப் புகழ்வது அதன் கேட்டை மறைப்பதாகும் என்று ஒருவர் எதிர்வாதம் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. குழாயைச் சுற்ற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு புழங்கியது. கேஸ்கெட்டிலும் அதுவே இருந்தது. அதை வெறுங்கையால் பிரித்தவர்களின் நுரையீரல் கொடுத்த விலை சிறியதாக இருந்திருக்க முடியாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்தது. கசியும் குழாய்க்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அந்த அறிவிப்பு மிகவும் தாமதம். ஆனால் இந்தக் கேடு அரைகுறை ஒட்டாலும் ஆஸ்பெஸ்டாஸாலும் வந்தது. ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்து அடைத்தவர் அந்தப் புகையிலிருந்து ஓட்டுநரைக் காப்பாற்றியவர். குற்றத்தைப் பொருள்மீது வைக்க வேண்டும், திறமைமீது அல்ல.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது குழாய்க்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காக இறங்கியதால் பழைய அமில அரிப்பு பெருமளவு போயிற்று. மாறாக, கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் அறை, சூடும் அழுத்தமும் அளக்கும் சென்சார்கள் எல்லாம் குழாயோடு கோக்கப்பட்டன. இப்போது டர்போவுக்குப் பின்னால் விழும் ஓட்டையும் சும்மா இருப்பதில்லை. சென்சார் தப்பாக அளக்கும், யூரியா தப்பாகத் தெளிக்கப்படும், கடைசியில் கணினி எஞ்சினின் திறனையே குறைத்துவிடும். வடிகட்டிப் பெட்டியின் உள்ளே இருப்பது பீங்கான். அதில் பற்று வைக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது. இங்கே மாற்றுவதுதான் முறை. மாற்றுபவரைத் திறமையற்றவர் என்பது அநியாயம்.

அப்படியானால் கணினியே எல்லாம் சொல்லிவிடுமே, பழைய அறிவு எதற்கு என்ற கேள்வி மிஞ்சுகிறது. கணினி ‘டர்போ அழுத்தம் குறைவு’ என்று ஒரு குறியீட்டைக் காட்டும். ஓட்டை எந்த இணைப்பில் என்று காட்டாது. அதை நம்பி டர்போவையே மாற்றிவிட்டு, கசிவது ஒரு கேஸ்கெட் என்று பிறகு தெரிந்தால் நஷ்டம் லாரி உரிமையாளருக்குத்தான். மேனிபோல்டு இன்றும் வார்ப்பிரும்புதான், ஸ்டட் இன்றும் கோடியில்தான் முறிகிறது, கரிக்கோடும் அதே இடத்தில்தான் படிகிறது. ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பயிற்சி நடத்துபவர்கள் ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, குளிர்ந்த எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்கவும் முகத்தைச் சமப்படுத்தவும் பட்டறை மேஸ்திரிகளை அழைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த மேஸ்திரிகளில் பலருக்கு வயதாகிவிட்டது. இதைத் தள்ளிப்போட நேரம் இல்லை.